ஐந்து பேருக்கான ஸ்பிரிங்

ருவிம்போவின் கார் பின்பக்கம் தணிந்துபோனதற்கு முதலில் பழி சுமந்தவள் நான்தான்.

என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. எங்கள் ஊர் ம்பிசோவிலிருந்து ரெட்கிளிஃப் பள்ளிக்கூடம் வரைக்கும் அவளுடைய பழைய நீல மாஸ்டாவில்தான் நாங்கள் தினமும் போய்வருவோம். என்னோடு வேலை பார்க்கும் ருவிம்போதான் ஓட்டுவாள். முன்சீட்டு ஹோவே சாருக்கு. அவருக்குக் கால் நீளம். பின்சீட்டில் நானும், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஒரு சின்னப் பெண்ணும், எங்களுக்கு நடுவே ருவிம்போவின் மகள் தரீரோவும். ஆக ஐந்து பேர். ஒவ்வொரு பள்ளத்திலும் காரின் பின்பக்கம் டொம்மென்று இடிக்கும். இடித்ததும் ஹோவே சார் திரும்பிப் பார்ப்பார்.

“மாவிஸ் டீச்சர், அடுத்த பள்ளம் வருது. கொஞ்சம் மூச்சை இழுத்துப் புடிங்க.”

“நீங்க இறங்கி ஓடி வாங்க சார். அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துருவீங்க.”

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் சட்ஸாக் களியில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவேன். ஜூன் மாதம் ஒரு நாள் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் எங்களை நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து பார்த்துவிட்டு டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே நாலாம் வகுப்பு நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. நோட்டுகளைப் பார்த்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “சரி, போங்க” என்றார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இந்த ஆகஸ்ட் லீவுல பண்ணிடறேன் மாவிஸ்,” என்றாள் ருவிம்போ. “ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாத்தையும் மாத்தி, நல்லதாவே போடறேன். உன்னால இல்லடி. கார் கிழவி ஆயிருச்சு.”

அது அவளுடைய கார். ஏழு வருஷம் சாயங்கால வகுப்பு எடுத்துச் சேர்த்து வாங்கியது. சனிக்கிழமைகளில் மட்டும் அது அவள் கணவர் தௌராயிடம் போகும். தௌராய் ஒரு ஆணி ஆலையில் வேலை பார்த்தார். ஆலை வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடியது. சனிக்கிழமையானால் ஊரில் அம்மாவுக்கு உரம் கொண்டுபோகணும், எங்கேயோ சாவு வீட்டுக்கு ஆள் ஏற்றிப்போகணும் என்று அவருக்கு ஏதாவது ஒன்று இருக்கும். சாயங்காலம் காரை உள்ளும் புறமும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார். கழுவித் தருகிற புருஷன் யாருக்குடி கிடைப்பான் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கார் வேலையைப் பற்றிச் சொன்னதும் அவர் காட்டிய அக்கறை ருவிம்போவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“வேன் ஸ்பிரிங் மாதிரி தடியா போடச் சொல்லுங்கறார். ரோடு மோசம், சின்னதா போட்டா தாங்காதாம். பாதிப் பணம் வேற தர்றாராம் மாவிஸ்! இந்தக் காருக்கு ஒரு டயருக்குக் காத்து அடிச்சுக் குடுத்ததில்ல அவரு.”

“குடுக்கறப்பவே வாங்கிக்க,” என்றேன். அந்தப் பாதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்டிருக்கமாட்டாள்.

சமுனோர்வாவின் பட்டறை ம்பிசோவின் தொழிற்கொட்டகைகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கம் வெல்டிங் கடை, அந்தப் பக்கம் கட்டில் செய்கிறவர்கள். எல்லோரும் அவனைச் சமு என்பார்கள். ருவிம்போவின் தம்பி எட்சனோடு ஒரே வகுப்பில் படித்தவன் என்பதால் அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

எட்சன் மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கக் குழியில் மண் சரிந்து செத்துப்போனான். எங்கள் பக்கத்தில் குழி இல்லாத குன்று கிடையாது. கல்லை வெட்டி மூட்டை கட்டி, அரைக்கிற ஆலைக்குக் கொண்டுபோனால் அதில் கொஞ்சம் பொன் வரும், சில நாள் ஒன்றும் வராது. எட்சனை அடக்கம் செய்த அன்று, எல்லோர் முன்னாலும், ருவிம்போ தன் கணவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள். தங்கக் கல் ஒன்றுகூடத் தன் வாசலைத் தாண்டக் கூடாது. தௌராய் வாக்குக் கொடுத்தார். எட்சனின் உடலைக் கயிறு கட்டி மேலே தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதனால் அந்த வாக்கை யாரும் சந்தேகப்படவில்லை.

பட்டறைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். சமு ஒரு சாக்கை விரித்து மூன்று ஜோடி ஸ்பிரிங்கை வரிசையாக வைத்தான்.

“இது கம்பெனி அளவு. இது அதைவிடக் கொஞ்சம் தடிமன், தினமும் அஞ்சு பேர் போற காருக்கு இதான் சரி. இது இருக்கே,” என்று மூன்றாவதைக் காலால் தள்ளினான், “சரக்கு வேன்ல வர்றது. இதைப் போட்டா வாலைத் தூக்கிட்டு நிக்கும். ஆனா காலியா போறப்ப கழுதை மாதிரி உதைக்கும். ஷாக் எதுவானாலும் நாலும் புதுசா கேஸ் ஷாக்காப் போட்டுரலாம். என்ன ஏத்துவீங்க அக்கா?”

“நான் என்னத்த ஏத்தறேன்? நாங்க அஞ்சு பேரு. ஒரு நோட்டுக் கட்டு.”

சமு என் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டான்.

“சொல்லிடு தம்பி,” என்றேன். “எல்லாரும் சொல்றதுதான்.”

அவன் சிரித்துக்கொண்டே பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தான். பிறகு கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு ரப்பர் கட்டையைக் காட்டினான். கார் தரை தட்டாமல் தடுக்கிற கட்டை. மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தது.

“இதெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி நான்தானே அக்கா போட்டேன்?”

“நீதான்.”

மேல் நட்டுகள் டிக்கிக்குள் இருந்தன. விரிப்பை எடுத்துவிட்டு, ஓரத்துத் தகட்டைக் கழற்றி, நட்டைத் தளர்த்தினான். பிறகு ஷாக்கை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கீழே இறக்கினான். ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கிற கருவியை இரண்டு பக்கமும் மாட்டினான்.

“தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். தெறிச்சுதுன்னா தாடை போயிரும்.”

பழைய ஸ்பிரிங் வெளியே வந்ததும் அதைப் புதிதின் பக்கத்தில் நிறுத்தினான். பழையது இரண்டு விரற்கடை குட்டை.

“டீச்சர், நீங்க இனிமே நிம்மதியா சாப்பிடலாம்,” என்றான் என்னிடம். “உங்கள மாதிரி ஆறு பேர் வாரா வாரம் டிக்கில ஏறி உக்காந்தாத்தான் இப்படி ஆகும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஹோவே சாரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே ருவிம்போவைப் பார்த்தேன். அவள் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. திறந்த டிக்கிக்குள் குனிந்திருந்தாள்.

விரிப்புக்கு அடியில், மாற்றுச் சக்கரம் வைக்கிற குழிவில், தண்ணீரும் துடைப்பமும் எட்டாத இடுக்குகளில், வெள்ளைக் கல் பொடியாகக் கிடந்தது. சில துண்டுகள் கோழிமுட்டை அளவு இருந்தன. வெள்ளையில் சாம்பல் நிறக் கோடு, கோட்டின் ஓரத்தில் துரு நிறம். அது என்ன கல் என்று எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

“சமு, இது என்ன?”

“மண்ணுக்கா.”

“எந்த ஊரு மண்ணு?”

“அக்கா, நான் ஸ்பிரிங் மாத்தறவன்.”

“உனக்குத் தெரியும்.”

சமு கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “சத்தியமா எனக்கு இது தெரியாதுக்கா. நேத்து மாமா போன் பண்ணாரு. வேன் ஸ்பிரிங்கையே போடு, உதைச்சா உதைக்கட்டும், அக்கா கேட்டா ரோடு மோசம்னு சொல்லுன்னாரு. ஊருக்கு உரம்தான் ஏத்தறாருன்னு நெனச்சேன்.”

கழற்றிவைத்த சக்கரத்தின் மேல் ருவிம்போ உட்கார்ந்தாள். பட்டறை வாசலில் சோளம் சுட்டு விற்கிற பெண்மணி ஒரு கதிரைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மெலிசா இருக்கே, கம்பெனி அளவு, அதையே போடு,” என்றாள். “ஒரு மூட்டை வச்சாலே தரை தட்டட்டும்.”

“அதுல ஒண்ணு இருக்குக்கா. நான் சொல்லாம இருக்கக் கூடாது. மெலிசா போட்டு, அவரு அதே பாரத்தை ஏத்தினா, குன்றுப் பக்கம் போற ஷோம்பே ரோட்டு வளைவுல பின்பக்கம் வீசிரும். தடியா போட்டா கார் நேரா நிக்கும். பத்திரமா வந்துருவாரு.”

“பத்திரமா வந்துட்டு அடுத்த சனிக்கிழமையும் போவாரு.”

“போவாரு.”

“மெலிசா போட்டா?”

“விட்டாலும் விடுவாரு. இல்லன்னா…”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பதினோரு வருஷச் சிநேகம். நான் குனிந்து ஸ்பிரிங்குகளைப் பார்த்தேன். சாக்கின் மேல் மூன்று ஜோடி ஸ்பிரிங் நின்றன, அவற்றில் ஒன்றைக் கைகாட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது அரைமணி நேரத்துக்கு முன்னால்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். “தரீரோ அப்பா, சமு பட்டறைக்கு வாங்க. அவசரம்.”

அவர் ஆள் ஏற்றும் கோம்பி வேனில் வந்து இறங்கினார். தூக்கி நிறுத்திய காரையும் திறந்திருந்த டிக்கியையும் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நடை தளர்ந்தது.

“என்ன தரீரோ அம்மா, அவசரம்னியே…”

அவள் கையை விரித்து அந்த வெள்ளைக் கல் துண்டைக் காட்டினாள்.

“இதைக் கழுவ மறந்துட்டீங்க.”

பக்கத்துக் கடையில் வெல்டிங் சத்தம் நின்றது. தௌராய் என்னைப் பார்த்தார், சமுவைப் பார்த்தார், பிறகு அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.”

“வீட்டுக்குள்ள இது வரக் கூடாதுன்னுதானே வாக்கு? இங்கயே பேசுங்க. எவ்வளவு நாளா?”

“போன வருஷம் ஈஸ்டருக்கு அப்புறம்.”

“ஏன்?”

“ஏன்னு கேட்டா? ஆலைல ரெண்டு நாள் வேலை. மீதி அஞ்சு நாள் நீ போட்ட சோத்தைத் தின்னுட்டு, நீ வர்றப்ப கேட்டைத் தொறந்து விடணும். வாட்ச்மேன்னு நெனச்சு ஒருத்தன் என்கிட்ட வழி கேட்டான், தெரியுமா? தரீரோ நாளைக்கு ஹைஸ்கூல் போகணும். நான் என்ன பண்ணட்டும்?”

“அதை நான் தப்புன்னு சொல்லல. எந்தக் குழி?”

அவர் சமுவைப் பார்த்தார்.

“எந்தக் குழின்னு கேட்டேன்.”

சமு சட்டென்று திரும்பிக்கொண்டு ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தான். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அவளுக்குக் கேட்கும்போதே தெரிந்திருந்தது.

“எட்சன்தான் அந்த இடத்தைக் காட்டினான்,” என்றார் தௌராய், தரையைப் பார்த்துக்கொண்டு. “கல்லுல அந்தக் கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். நாங்க மரக்கட்டை முட்டுக் குடுத்துத்தான் தோண்டறோம். ஃபினியாஸ் கூட இருக்காரு. அவரு இருபது வருஷம் சுரங்கத்துல இருந்தவரு. ஒண்ணும் ஆகாது.”

“என் தம்பி மேல விழுந்த கல்லை என் கார்லயே ஏத்தியிருக்கீங்க,” என்றாள் ருவிம்போ. குரல் உயரவில்லை. “திங்கக்கிழமை அதே கார்ல என் புள்ளைய உக்காத்தி வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

“தரீரோ அம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். வாக்குக் குடுத்தப்பவும் எல்லாரும்தான் பாத்தாங்க.”

அவர் கொடுத்திருந்த பணத்தைப் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். எழுந்து போய் நடு ஜோடியைத் தொட்டாள்.

“சமு, இதைப் போடு. அஞ்சு பேருக்கு. முன்பக்க ஷாக்கை அடுத்த டெர்ம் பாத்துக்கலாம். இனிமே சனிக்கிழமை கார் கிடையாது. நீங்க போறதும் போகாததும் உங்க இஷ்டம்.”

சமு வேலையைத் தொடர்ந்தான். புது ஸ்பிரிங்கை அழுத்தி, புது ஷாக்கில் செருகி, மேல்தட்டை வைத்து இறுக்கினான். காரைத் தரையில் இறக்கி நாலுமுறை அமுக்கிவிட்டுத்தான் கீழ் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கினான். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொன்னான். கார் மட்டமாக, புதிதாகச் சீருடை போட்ட பிள்ளை மாதிரி நின்றது. தௌராய் அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

பள்ளி திறந்ததும் எல்லோரும் புகழ்ந்தார்கள். பள்ளத்தில் இறங்கினால் ஒரு தடவை அமுங்கி, நிமிர்ந்து, அதோடு அடங்கிவிடும். ஹோவே சார் என்னிடம் மன்னிப்பே கேட்டார். ருவிம்போ சிரிப்பாள். ஆனால் சனிக்கிழமை அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தௌராய் குழிக்குப் போவதை விடவில்லை. ஒரே வித்தியாசம், இப்போது மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமையே கிழிந்த உடுப்பை எடுத்து வெளியே வைப்பார். காலையில் வாடகைப் பிக்கப் வந்து தெருவில் ஹாரன் அடிக்கும். அவர் முன்வாசல் வழியாகவே போவார்.

“தெரியாம இருந்தப்ப சனிக்கிழமை துணி துவைச்சேன், தலை வாரினேன், தூங்கினேன்,” என்றாள் ஒரு நாள். “இப்ப அவர் இறங்கற நேரம் தெரியுது, ஏறற நேரம் தெரியுது. அந்த ஆறு மணி நேரம் நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியல மாவிஸ். தடியா போட்டுக் குடுத்து, தெரியாத மாதிரியே இருந்திருக்கலாமோ?”

“பைத்தியம் மாதிரி பேசாத,” என்றேன்.

நவம்பரில் மழை பிடித்தது. மழைக்காலத்தில் குழியில் இறங்குவதில்லை என்று தௌராய் சொல்லியிருந்தாராம். ஆனால் அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு சனிக்கிழமை மழையில் போனது. அதை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டார்கள்.

நாங்கள் தேவாலயத்தில் இருந்தோம். இரண்டாவது பாட்டு முடியும்போது ருவிம்போவின் பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. நின்று மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது தடவை அவள் எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

“தரீரோ அம்மா,” என்ற அவர் குரல் எனக்கே கேட்டது. “நான் நல்லா இருக்கேன். ஃபினியாஸ் கால் மேல கல்லு விழுந்துருச்சு. பிக்கப்காரன் மூட்டையோட டவுனுக்குப் போயிட்டான், போன் எடுக்க மாட்டேங்கறான். காரைக் கொண்டு வரியா?”

அவள் போனை அணைத்தாள். சாவி கையில் இருந்தது. தரீரோவைப் போதகர் மனைவியிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சபையின் மாதர் சங்கத்துச் சிவப்புச் சட்டையோடும் வெள்ளைத் தொப்பியோடும் அப்படியே புறப்பட்டோம்.

தார்ச்சாலை முடிந்த பிறகு எட்டுக் கிலோமீட்டர் மண்தடம். லாரிகள் போய்ப்போய் இரண்டு வாய்க்கால் மாதிரி ஆகியிருந்தது, இரண்டிலும் தண்ணீர். அவள் ஒரு சக்கரத்தை மேட்டிலும் ஒரு சக்கரத்தைத் தடத்திலும் வைத்து ஓட்டினாள். அவளுக்கு வழி தெரிந்திருந்தது. எட்சன் செத்த அன்று வந்த வழி.

ஃபினியாஸை ஒரு பழைய கதவின் மேல் படுக்கவைத்திருந்தார்கள். ஐம்பது வயசு மனிதர். முழங்காலுக்குக் கீழே சட்டைகளைச் சுற்றி பெல்ட்டால் கட்டியிருந்தது. தலை முதல் கால் வரை சேறாக இருந்த ஒருவர் எழுந்து வந்து கார்க் கதவைத் திறந்தார். கண்ணைப் பார்த்துத்தான் அது தௌராய் என்று தெரிந்தது. ருவிம்போ அவரை ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். இரண்டு காலும் இரண்டு கையும் இருக்கின்றனவா என்று எண்ணினாள் என்றுதான் நினைக்கிறேன்.

“ஏத்துங்க,” என்றாள்.

ஃபினியாஸின் தலை என் மடியில். காலைத் தௌராய் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே மண்டியிட்டுக் கையில் தாங்கிக்கொண்டார். குழியில் கூட வேலை செய்த மற்ற இரண்டு பேரும் நடந்து வருகிறோம் என்றார்கள். திரும்பும்போது ருவிம்போ நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினாள். அப்படியும் ஆழமான இடங்களில் பின்பக்கம் அடிவரை இறங்கி டொம்மென்று இடித்தது. இடிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் கத்தினார். எட்டுக் கிலோமீட்டரும் அப்படித்தான்.

“மெதுவா, மெதுவா தரீரோ அம்மா.”

“இதுக்கு மேல மெதுவா போனா நின்னுரும்.”

“தாயி, என்னைத் திட்டாதீங்க,” என்றார் ஃபினியாஸ். யார் திட்டினார்கள்? “நான்தான் இன்னிக்கு இறங்கலாம்னு சொன்னேன். இவன் வேணாம்னான்.”

“பேசாதீங்கய்யா,” என்றேன். அவர் நெற்றி ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. என் வெள்ளைத் தொப்பியால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

அடுத்த வாரம் ருவிம்போ காரைச் சமுவிடம் கொண்டுபோனாள். ஒரு ரப்பர் கட்டை பிய்ந்திருந்தது. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது.

“வேன் ஸ்பிரிங் போட்டிருந்தா அந்த இடியெல்லாம் இருந்திருக்காதுல்ல?” என்று கேட்டாள்.

“தரை தட்டியிருக்காதுக்கா. ஆனா ஒவ்வொரு கல்லுக்கும் உதைச்சிருக்கும். அந்தத் தடத்துக்கும் உடைஞ்ச காலுக்கும் ஏத்த ஸ்பிரிங் எவன்கிட்டயும் இல்ல.”

“எனக்காகச் சொல்றியா?”

“இல்லக்கா.”

அவள் நம்பவில்லை. இன்றைக்கும் பள்ளத்தில் கார் இறங்கினால் அவள் தோள் இரண்டும் காது வரை ஏறுவதைப் பின்சீட்டிலிருந்து பார்க்கிறேன்.

குழியின் வாய் டிசம்பர் முதல் வாரத்து மழையில் சரிந்து மூடிக்கொண்டது. மற்ற இரண்டு பேரும் வேறு குன்றுக்குப் போய்விட்டார்கள். தௌராய் போகவில்லை. போகமாட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை, ருவிம்போ கேட்கவும் இல்லை. ஆலை ஓடுகிற இரண்டு நாள் ஆலைக்குப் போனார். மற்ற நாளில் ஃபினியாஸின் வீட்டுக் கூரையைச் சரிசெய்தார், அவருக்கு ஊன்றுகோல் செய்து கொடுத்தார். வீட்டில் புருஷனும் மனைவியும் உப்பு, சோப்பு, தரீரோவின் காலணி என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமைதோறும் ஃபினியாஸைக் கட்டு மாற்ற அழைத்துப்போகவேண்டும். விடுமுறையாதலால் ருவிம்போவே ஓட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முந்திய புதன்கிழமை எனக்கும் டவுனில் வேலை இருந்தது, பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். தௌராய் முன்சீட்டில் இருந்தார். பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். நான் இருப்பதை மறந்துவிட்டாரா, இல்லை நான் இருப்பதால்தான் பேசினாரா, தெரியாது.

“எட்சன் அதுக்கு முதல் நாள் என்கிட்ட வந்தான். கல்லைக் காட்டினான். மாமா, நாளைக்குக் கூட வாங்க, மேல நின்னு கயிறு பிடிச்சா போதும்னான். எனக்கு ஆலைல ஷிப்ட். முடியாதுன்னேன். தனியாத்தான் போனான்.”

கார் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

“அவன் பாதி வெட்டி வச்சிருந்த இடத்துல இறங்கறப்ப, ஒவ்வொரு தடவையும் பயம்தான். இறங்காம வீட்ல உக்காந்திருந்தா அதைவிட மோசம். உன்கிட்ட சொல்லணும்னு மூணு வருஷமா வாயெடுக்கறேன்.”

ஃபினியாஸ் வீட்டு வாசலில் ருவிம்போ காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாளா என்று நான் கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. உள்ளே ஃபினியாஸின் மனைவி எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“அன்னிக்கு நீங்க போயிருந்தா கயிறு புடிச்சிருப்பீங்களா, இல்ல அவன்கூட இறங்கியிருப்பீங்களா?” என்றாள் கடைசியில்.

தௌராய் யோசித்தார். “தெரியல.”

“எனக்கும் தெரியல,” என்றாள். “இறங்குங்க. அவரால தனியா படி இறங்க முடியாது. அந்தப் பக்கம் நீங்க புடிங்க, இந்தப் பக்கம் நான் புடிக்கறேன்.”